குடலுக்குள் ஒரு குடித்தனம்

நீங்கள் உணவருந்த அமரும்போது உங்களுக்காக மட்டுமே உண்பதாக எண்ணுகிறீர்களா? அவ்வாறில்லை. உங்கள் உணவில் ஒரு பங்கைப் பெற, உங்கள் பெருங்குடலில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. 2016-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் உள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 இலட்சம் கோடி. உடலின் சொந்தச் செல்களோ 30 இலட்சம் கோடிதான்! ஆயினும் பாக்டீரியாக்கள் அனைத்தின் எடையும் சேர்ந்து சுமார் 200 கிராம் மட்டுமே.

இவற்றால்தான் சிலர் பருமனாகின்றனரா? இவற்றை மாற்றிவிட்டால் உடல் இளைத்துவிடுமா? இன்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. ‘நல்ல பாக்டீரியா’ அடங்கிய மாத்திரைகளும் பானங்களும் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றுக்குப் பணம் கொடுக்குமுன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நல்லது. ஏனெனில், இதே போன்ற நம்பிக்கை நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு முறை உலகைப் பற்றிக்கொண்டது.

மெச்னிகாஃபின் புளித்த பால்

குடலில் வாழும் நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்டவர் டச்சு நாட்டுத் துணி வணிகரான லீவன்ஹுக். 1681-இல் வயிற்றுப்போக்கால் வருந்தியபோது, தாமே செய்த உருப்பெருக்கியின் வழியே தம் மலத்தை ஆராய்ந்து, அதில் சிற்றுயிர்கள் நகர்வதைக் கண்டார். அவருக்குப்பின் இரு நூற்றாண்டுகள் கழித்து, 1885-இல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் எஷெரிக், குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து விவரித்தார். அவர் பெயரையே தாங்கிய அந்த உயிர்தான் இன்று நாம் ஈ.கோலை என அழைப்பது.

இவ்வுயிர்கள் நமக்கு நண்பர்களா, பகைவர்களா? பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மெச்னிகாஃப், பெருங்குடலில் உணவை அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் நஞ்சை உண்டாக்குகின்றன என்றும், அந்நஞ்சே முதுமையை விரைவுபடுத்துகிறது என்றும் கருதினார். பல்கேரிய உழவர்கள் நீண்ட நாள் வாழ்வதற்கு அவர்கள் அருந்தும் புளித்த பாலே காரணம் என நம்பினார். தாமும் நாள்தோறும் அதை அருந்தினார். 1908-இல் நோபல் பரிசு பெற்ற அறிஞரின் சொல் அல்லவா? ஐரோப்பா முழுவதும் புளித்த பாலும் பாக்டீரியா மாத்திரைகளும் விற்பனையாயின. இலண்டனில் ஆர்பத்நாட் லேன் என்னும் அறுவை மருத்துவர், இதையொத்த கொள்கையை நம்பி, நோயாளிகளின் பெருங்குடலையே அகற்றலானார்!

மெச்னிகாஃப் 1916-இல் தம் 71-ஆம் வயதில் மறைந்தார். 1921-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெட்கரும் செப்லினும் தம் ஆய்வு முடிவுகளை நூலாக வெளியிட்டனர். பல்கேரியப் பாலின் பாக்டீரியா மனிதக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என அவர்கள் கண்டனர். ஆனால் லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரையை மிகுதியாக உண்ணக் கொடுத்தபோது, குடலின் பாக்டீரியாக் கூட்டம் மாறியது. அதாவது, எந்த உயிரை விழுங்குகிறோம் என்பதைவிட, உள்ளே இருக்கும் உயிர்களுக்கு எதை உணவாக அளிக்கிறோம் என்பதே முக்கியம். அரிய இவ்வுண்மை ஏனோ நெடுங்காலம் பெரிதாகப் பேசப்படவில்லை.

கிருமியற்ற எலிகள் காட்டிய வழி

பாக்டீரியாவே இல்லாத விலங்கு உயிர் வாழுமா? 1895-இல் பெர்லினில் நட்டாலும் தியர்ஃபெல்டரும் தாய் வயிற்றைக் கீறி எடுத்த கினிப்பன்றிக் குட்டியைக் கிருமி நீக்கிய கலத்தில் சில நாட்கள் வளர்த்துக் காட்டினர். பிற்காலத்தில் எலிகளையும் சுண்டெலிகளையும் தலைமுறை தலைமுறையாக அவ்வாறே வளர்க்க முடிந்தது.

2004-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர் இத்தகைய சுண்டெலிகளை ஆராய்ந்தனர். மற்றச் சுண்டெலிகளைவிட அவை மிகுதியாக உண்டும் உடலில் கொழுப்பு குறைவாகவே இருந்தது. சாதாரணச் சுண்டெலியின் குடல் பாக்டீரியாக்களை அவற்றுக்கு அளித்ததும், இரண்டே வாரங்களில் உடற்கொழுப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு கூடியது. அப்போது அவை உண்டதோ முன்னைவிடக் குறைவு! நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருளைச் சிதைத்து, அதிலிருந்தும் ஆற்றலைப் பெற்றுத் தரும் திறன் பாக்டீரியாக்களுக்கு உண்டு என்பது இதற்கான காரணங்களுள் ஒன்று.

2006-இல் அதே குழுவினர், பருமனான 12 பேரை ஓராண்டு உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தனர். எடை குறையக் குறைய, பாக்டீராய்டீட்ஸ் என்னும் பிரிவைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் பெருகின. ‘பருமனுக்குக் காரணமான பாக்டீரியா பிடிபட்டது’ என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் 2016-இல் பத்து ஆய்வுகளைச் சேர்த்து நோக்கியபோது, பருமனானவருக்கும் மெலிந்தவருக்கும் இடையே அந்தப் பிரிவுகளின் விகிதத்தில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. 12 பேரிடம் கண்டதை உலகத்தார் அனைவருக்கும் பொருத்தியது அவசரமே.

உணவை மாற்றினால்?

உணவு மாறினால் குடல் மாறும் என்பதில் மட்டும் ஐயமில்லை. 2014-இல் அமெரிக்காவில் தன்னார்வலர் சிலர் ஐந்து நாட்கள் தாவர உணவை மட்டுமோ, இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டியை மட்டுமோ உண்டனர். இறைச்சி முதலியவற்றை உண்டபோது, அவ்வுணவு பெருங்குடலை அடைந்த ஒரு நாளிலேயே பாக்டீரியாக் கூட்டம் மாறத் தொடங்கியது. பழைய உணவுக்குத் திரும்பிய இரண்டொரு நாளில் அதுவும் பழைய நிலைக்குத் திரும்பியது.

2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் 20 பேரும், தென்னாப்பிரிக்க நாட்டுப்புறத்தார் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தம் உணவுமுறைகளை மாற்றிக்கொண்டனர். நார்ச்சத்து மிக்க ஆப்பிரிக்க உணவை உண்ட அமெரிக்கர்களிடம், பாக்டீரியாக்கள் ஆக்கும் பியூட்டிரேட் என்னும் பொருள் கூடியது. குடற்சுவரின் செல்களுக்கு எரிபொருளாய் உதவுவது அதுவே. குடலின் அழற்சியும் தணிந்தது. கொழுப்பு மிக்க அமெரிக்க உணவை உண்ட ஆப்பிரிக்கர்களிடமோ இதற்கு நேர்மாறான விளைவு!

நடந்தால், ஓடினால்?

உடற்பயிற்சி மட்டும் குடலை மாற்றுமா? 2014-இல் அயர்லாந்து நாட்டு ரக்பி வீரர்களின் குடலில் பலவகைப் பாக்டீரியாக்கள் செழித்திருக்கக் கண்டனர். ஆனால் வீரர்களின் உணவும் வேறுபட்டதல்லவா? எது காரணம் எனப் பிரித்தறிய இயலவில்லை.

2018-இல் வெளியான இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வு இக்குறையைக் களைய முயன்றது. உடலுழைப்பு இல்லாத 32 பேர், உணவை மாற்றாமல், ஆறு வாரங்கள், வாரம் மும்முறை பயிற்சி செய்தனர். பியூட்டிரேட் ஆக்கும் பாக்டீரியாக்கள் பெருகின. மெலிந்தவர்களிடம் இவ்விளைவு தெளிவாகவும் பருமனானவர்களிடம் குறைவாகவும் இருந்தது. பயிற்சியை நிறுத்திய ஆறு வாரங்களில் பெரும்பாலான மாற்றங்கள் மறைந்தன.

இளைத்தவர் மீண்டும் பருப்பது ஏன் என்ற கேள்விக்கும் இதில் ஒரு குறிப்பு கிடைக்கிறது. 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தார் சுண்டெலிகளைப் பருக்கச் செய்து, பின் இளைக்கச் செய்தனர். எடை குறைந்த பின்னும் பாக்டீரியாக் கூட்டம் நெடுநாள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கொழுப்புணவை மீண்டும் அளித்தபோது, அவை முன்னிலும் விரைவாகப் பருத்தன. சில நாள் மாற்றம் சில நாளில் மறைகிறது. நெடுநாள் பழக்கத்தின் சுவடோ எளிதில் அழிவதில்லை. மனிதரிடமும் இவ்வாறே நிகழ்கிறதா என்பது இனித்தான் உறுதிப்பட வேண்டும்.

எனவே, வாசகர்களே, ஒரு மாத்திரையால் உடல் இளைக்கும் என்று யாரேனும் கூறினால் மெச்னிகாஃபை நினைத்துக்கொள்ளுங்கள். தயிரை விரும்பி உண்ணுங்கள். அது நல்ல உணவு. ஆனால் அதை மருந்தாக எண்ண வேண்டாம். கீரை, பயறு, காய்கறி, முழுத்தானியம் இவற்றை நாள்தோறும் சேர்த்துக்கொண்டு, இயன்றவரை நடந்து வாருங்கள். எடை குறைந்த பின்னும் இவற்றைக் கைவிடாதீர்கள். ஒரு வாரம் செய்து விட்டுவிட்டால் குடலிலும் அந்த ஒரு வாரப் பயன்தான் எஞ்சும்.