லாஸ்ட் நைட் இன் சோஹோ

லாஸ்ட் நைட் இன் சோஹோ, எட்கர் ரைட் இயக்கி 2021-இல் வெளிவந்த பிரித்தானிய உளவியல் திகில் திரைப்படம். திரைக்கதையை ரைட்டும் கிறிஸ்டி வில்சன்-கேர்ன்ஸும் எழுதினர்.

கதை: ஆடை வடிவமைப்பு படிக்க கார்ன்வாலிலிருந்து லண்டனுக்கு வரும் எலோயிஸ் (தாமசின் மெக்கென்சி), ஒரு மூதாட்டியின் வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறாள். உறங்கும்போதெல்லாம் லண்டனின் சோஹோ பகுதியில் 1960-களுக்குள் நுழைந்து, பாடகியாகத் துடிக்கும் சாண்டியின் (அன்யா டெய்லர்-ஜாய்) வாழ்வைக் காண்கிறாள். மயக்கும் கனவு, சாண்டி ஆண்களின் சுரண்டலுக்கு ஆளாகும்போது கொடுங்கனவாகிறது. விழித்திருக்கும் வேளையிலும் பழைய உருவங்கள் எலோயிஸைத் துரத்துகின்றன.

ஆக்கம்: ஒளிப்பதிவு சுங் சுங்-ஹூன், இசை ஸ்டீவன் பிரைஸ். நியான் விளக்குகளின் சிவப்பும் நீலமும் காட்சிகளை நிறைக்கின்றன. ஒருத்தி ஆட, கண்ணாடியில் மற்றவள் தெரியும் காட்சிகளில் பெரும்பகுதி, நடிகையரின் ஒத்திசைந்த அசைவாலேயே படமாக்கப்பட்டது. தலைப்பு 1968-இல் வெளியான ஒரு பாப் பாடலிலிருந்து வந்தது. பொற்காலம் என்று கொண்டாடப்படும் அறுபதுகளின் இருண்ட பக்கத்தைக் காட்டுவதே படத்தின் மையக் கரு.

வெளியீடு: 2021 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, அக்டோபர் 29 அன்று பிரிட்டன், அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. வீட்டு உரிமையாளராக நடித்த டயானா ரிக், 2020-இல் காலமானார்; படம் அவருக்கு அர்ப்பணிக்கப்பட்டுள்ளது.