கராஜ்

கராஜ் அல்லது கேரேஜ் என்பது தானுந்து முதலிய ஊர்திகளை நிறுத்திவைக்கும் கட்டடத்தையும், அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறையையும் குறிக்கும் சொல்லாகும். இது பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்தின் வழியாகத் தமிழ்ப் பேச்சு வழக்குக்கும் வந்தது. தானுந்து தோன்றுவதற்கு முன்பே வழங்கிய இச்சொல், தொடக்கத்தில் படகுகளைக் குறித்தே பயன்பட்டது.

சொற்பிறப்பு

பிரெஞ்சு மொழியில் 'கரே' என்னும் வினைச்சொல்லுக்கு ஒதுக்கி நிறுத்துதல், பாதுகாப்பான இடத்தில் வைத்தல் என்பன பொருள்களாகும். அதனுடன் 'ஆஜ்' என்னும் பெயராக்க விகுதி சேர்ந்து 'கராஜ்' உருவானது. இவ்வினைச்சொல், 'காத்தல்' என்னும் பொருளுடைய பழைய செருமானிய வேர்ச்சொல் ஒன்றிலிருந்து வந்ததாகும்.

செருமானியச் சொற்களின் முதலில் வந்த 'வ' ஒலி, பிரெஞ்சு மொழியில் 'க' ஒலியாகத் திரிந்தது. ஆங்கிலத்தில் இருவடிவங்களும் பல இடங்களில் தங்கிவிட்டன. தமிழர் அன்றாடம் கேட்கும் வார்டு - கார்டு, வாரண்டி - கியாரண்டி ஆகிய இணைகள் இத்திரிபுக்கு எடுத்துக்காட்டுகளாகும்.

தொடருந்து நிலையத்தைக் குறிக்கும் 'கார்' என்னும் பிரெஞ்சுச் சொல்லும் 'கரே' என்பதிலிருந்தே பிறந்தது. தானுந்தைக் குறிக்கும் 'கார்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வேர் வேறு. அது வண்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

பொருள் மாற்றம்

பிரான்சின் ஆறுகளிலும் கால்வாய்களிலும் படகுகள் ஒதுங்கி நிற்பதற்குத் தனி இடங்கள் இருந்தன. அவ்வாறு ஒதுக்கி நிறுத்தும் செயலே முதலில் 'கராஜ்' எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் தொடருந்துகள் வந்தபோது, பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடத்துக்கும் இப்பெயர் வழங்கியது. 'கராஜ் தடத்தில் நிறுத்துதல்' என்பது, ஒருவரைப் பொறுப்பிலிருந்து ஒதுக்கிவைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு மரபுத்தொடராக இன்றும் உள்ளது.

தானுந்துகள் பரவத் தொடங்கியபோது அவற்றை நிறுத்தும் இடத்துக்கும் அதே சொல் பயன்பட்டது. ஆங்கிலத்தில் 1902ஆம் ஆண்டளவில் இச்சொல் இடம்பெறத் தொடங்கியது. அக்கால நகரங்களில் இருந்த வணிகக் கராஜ்கள் ஊர்திகளை நிறுத்த இடம் தந்ததோடு, எரிபொருள் விற்று, பழுதும் பார்த்தன. நிறுத்துமிடம், பட்டறை என்னும் இரு பொருள்கள் ஒரே சொல்லுக்கு அமைந்தமைக்கு இதுவே காரணமாகும். பாரிசில் பொந்தியூ தெருவில் அகுஸ்த் பெரே வடிவமைத்த கராஜ் (1907), வலுவூட்டிய கற்காரைக் கட்டடக் கலையின் தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று. அது 1970இல் இடிக்கப்பட்டது.

பிற பயன்பாடுகள்

* தொழில்முனைவு: வில்லியம் ஹியூலெட், டேவிட் பக்கார்டு இருவரும் 1938-39இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் ஒரு வீட்டுக் கராஜில் தம் தொழிலைத் தொடங்கினர். 1989இல் அது கலிபோர்னியாவின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சிறிய முதலீட்டில் தொடங்கும் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குக் கராஜ் ஓர் அடையாளமானது.
* இசை: 1960களில் அமெரிக்க இளைஞர்கள் வீட்டுக் கராஜ்களில் பயின்று இசைத்ததால் ஒருவகை ராக் இசை 'கராஜ் ராக்' எனப்பட்டது. 'கராஜ்' என்னும் நடன இசை வகையின் பெயர், நியூயார்க்கில் பழைய ஊர்தி நிறுத்தகம் ஒன்றில் இயங்கிய 'பாரடைஸ் கராஜ்' (1977-1987) என்னும் நடனக் கூடத்திலிருந்து வந்தது.

தமிழில்

இலங்கைத் தமிழில் 'கராஜ்' என்பது பெரும்பாலும் பழுதுபார்க்கும் இடத்தைக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் அவ்விடம் 'மெக்கானிக் ஷெட்' அல்லது 'ஒர்க்‌ஷாப்' எனவும், வீட்டில் தானுந்து நிறுத்தும் இடம் 'கார் ஷெட்' எனவும் வழங்கும்.

எனவே இச்சொல்லை மொழிபெயர்க்கும்போது அது எப்பொருளில் வந்துள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நிறுத்துமிடமாயின் 'ஊர்திக் கொட்டில்' எனலாம். மாட்டுக் கொட்டில் என்பதிற்போலக் கொட்டிலும் அடைத்துக் காக்கும் இடமாதலால், மூலச் சொல்லின் பொருளுக்கு அது நெருக்கமானது. பழுதுபார்க்கும் இடமாயின் 'ஊர்திப் பட்டறை' பொருந்தும். 'பணிமனை' என்பது தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துகள் நிறுத்தப்பட்டுப் பராமரிக்கப்படும் இடத்துக்கு நிலைத்துவிட்டதால், வீட்டுக் கராஜுக்கு அதைப் பயன்படுத்தினால் பொருள் மயக்கம் ஏற்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* தானுந்து
* சொற்பிறப்பியல்
* தமிழில் பிறமொழிச் சொற்கள்