முதலில் நாக்கு, பிறகு கை, பிறகு கால்: புரோக்காவின் 1861 அறிக்கையில் காலக்கணக்கு

பால் புரோக்கா 1861 ஆகஸ்டில் பாரிஸ் உடற்கூற்றியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட அறிக்கையை மூளையின் இடங்களைப் பற்றிய அறிக்கையாகவே படித்துப் பழகிவிட்டோம். பேச்சிழந்த லெபோர்ன் என்ற நோயாளியின் மூளையில் எந்த மடிப்பு அழிந்திருந்தது, புரோக்கா சுட்டிய இடம் சரியா என்பதே நெடுங்கால வழக்கு. 2007இல் நினா டிராங்கர்ஸும் அவருடைய பிரெஞ்சுச் சகாக்களும் லெபோர்ன், புரோக்கா அடுத்துப் பார்த்த நோயாளியான லெலோங் இருவருடைய மூளைகளையும் எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்தபின் அந்த வழக்கு முடிந்துவிட்டதாக ஒரு தரப்பு எழுதிவருகிறது. புரோக்கா மேற்பரப்பை மட்டும் பார்த்தார், சேதமோ ஆழத்தில் இருந்தது, ஆகவே ஏமாந்தார் என்பது அத்தரப்பின் சுருக்கம். டிராங்கர்ஸ் குழுவின் கட்டுரையில் இவ்வளவு முரட்டுத் தீர்ப்பு இல்லை. அதைப் படித்தவர்கள் ஏற்றிச் சொன்னது இது. அறிக்கையை மறுபடி ஊன்றிப் படித்தால், புரோக்காவின் வாதம் இடத்தைவிடக் காலத்தையே நம்பி நிற்பது தெரியும். அது இடறினால் அங்கேதான் இடறும்.

புரோக்கா மூளையை அறுக்கவில்லை என்பது உண்மை. அருங்காட்சியகத்தில் முழுதாக வைக்க வேண்டும் என்பதற்காக அப்படியே விட்டுவிட்டார். ஆனால் சேதத்தின் பரப்பை அவர் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு கோழிமுட்டை அடங்கும் அளவுக்குப் பள்ளம். பொட்டுமடலின் விளிம்பு, இன்சுலாவின் சிறு மடிப்புகள், அதன் அடியிலுள்ள வரியுடலம், முன்மடலின் குறுக்கு மடிப்பின் கீழ்ப்பகுதி, இரண்டாம் மூன்றாம் முன்மடிப்புகளின் பின்பாதி எனப் பட்டியலே தருகிறார். இன்சுலா கெட்டிருந்தது அவருக்குத் தெரியாது என்று சொல்பவர்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. இத்தனை இடம் கெட்டிருக்கையில் மூன்றாம் முன்மடிப்பை மட்டும் பேச்சின் இடமாக எப்படித் தனியே எடுத்தார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அவர் விடை இது. மூன்றாம் மடிப்பில்தான் திசுவிழப்பு மிகுதி. மிகுதியாகக் கெட்ட இடமே முதலில் கெட்ட இடம். அங்கே தொடங்கிய மென்மையாக்கம் மெல்ல மெல்ல அக்கம்பக்கத்துக்குப் பரவியிருக்க வேண்டும். நோயாளியின் வரலாறும் இரண்டு கட்டமாகப் பிரிகிறது: முதல் பத்தாண்டு பேச்சு மட்டும் இல்லை, அடுத்த பதினோரு ஆண்டில் வலக்கை, பிறகு வலக்கால். முதல் கட்டத்தில் ஒரு மடிப்பு, இரண்டாம் கட்டத்தில் இன்சுலாவும் வரியுடலமும் என்று பொருத்திவிட்டால் பேச்சின் இடம் தனியே நின்றுவிடுகிறது. புரோக்கா இதை ‘அநேகமாக’ என்ற எச்சரிக்கையோடுதான் சொல்கிறார். பின்வந்தவர்கள் முதலில் உதறியது அந்தச் சொல்லைத்தான்.

இந்தக் காலக்கணக்குக்குச் சாட்சி யார்? அறிக்கையில் இரண்டு வகைச் சாட்சியம் கலந்து கிடக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று லெபோர்னே தந்தது. பிசேத்ர் மருத்துவமனைக்கு வந்து எத்தனை ஆண்டு என்று கேட்டதற்கு அவர் கையை நான்கு முறை விரித்துக் காட்டிப் பிறகு ஒரு விரலை நீட்டினார்: இருபத்தொன்று. கணக்கு சரி. நோய் எந்த வரிசையில் வந்தது என்று கேட்டதற்கு இடது சுட்டுவிரலால் நாக்கையும் வலக்கையையும் வலக்காலையும் அடுத்தடுத்துக் காட்டினார். ‘தான், தான்’ என்பதைத் தாண்டி, கோபத்தில் வரும் ஒரு வசவைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியாத மனிதர் தந்த இந்த வாக்குமூலத்தைவிட உறுதியான சான்று அறிக்கையில் வேறில்லை.

ஆனால் விரல் தந்தது வரிசை மட்டுமே. பேச்சுக்கும் கைக்கும் இடையே பத்தாண்டு சென்றது, கை ‘படிப்படியாக’ வலுவிழந்தது என்ற செய்திகள் வேறு வழியில் வந்தவை. பழைய வரலாற்றைப் புரோக்கா விடுதிப் பணியாளர்களிடமும் உடனிருந்த நோயாளிகளிடமும் கேட்டே தொகுத்தார். அந்த உடனிருந்தோர்தான் லெபோர்னைத் தன்னலக்காரர், பழிவாங்குபவர், திருடர் என்றும் சொன்னவர்கள். அதற்காக அவர்கள் சொன்ன ஆண்டுக்கணக்கைத் தள்ளிவிட முடியாதுதான். இருந்தாலும் பேச்சு மெல்லப் போயிற்றா திடீரெனப் போயிற்றா என்பதை அறிய முடியவில்லை என்று புரோக்காவே எழுதிவைத்திருக்கிறார். தொடக்கம் எப்படி என்றே தெரியாத நோயைத்தான் அவர் மெதுவாக ஊர்ந்த நோயாக வாசித்தார்.

வாதத்துக்கு வரிசை போதாது, வேகமும் வேண்டும். ஒரே சேதம் ஊர்ந்து பரவியிருந்தால்தான் ‘ஆழமான பள்ளமே பழைய பள்ளம்’ என்ற விதி செல்லும். ரத்தக்குழாய் அடைப்பு இரண்டு முறை தாக்கியிருந்தாலும் நாக்கு, கை, கால் என்ற வரிசை அப்படியே வரும். அப்போது முதல் தாக்குதல் மூன்றாம் மடிப்போடு இன்சுலாவையும் சேர்த்தே அழித்திருக்கலாம். எது நடந்தது என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லாது, சேதத்தின் எல்லையைத்தான் அது வரையும், அதன்மேல் தேதி போடாது. ஆக, 2007இன் படம் லெபோர்ன் விஷயத்தில் புரோக்காவை வீழ்த்தவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அப்படத்தின்படி மூன்றாம் மடிப்பில் மிகக் கடுமையாகக் கெட்டிருப்பது நடுப்பகுதி. பின்பகுதி அவ்வளவு கெடவில்லை. புரோக்காவின் விதியை அவர் பாணியிலேயே செலுத்தினால் பேச்சின் இடம், இன்று ‘புரோக்கா பகுதி’ என்று வரைபடங்களில் வண்ணமிட்ட இடத்துக்கு முன்னால் நகர்ந்துவிடும். விதியைக் கைவிட்டவர்கள் அதன் விளைவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

லெபோர்னுக்குச் சிறுவயது முதலே வலிப்பு இருந்ததால் அவருடைய மூளையைச் சான்றாகக் கொள்ளவே கூடாது என்பார்கள். முப்பது வயதுவரை பேசினார், செருப்பு அச்சுச் செதுக்கும் தொழில் செய்து பிழைத்தார்; இதற்குமேல் அந்த ஆட்சேபத்துக்கு மதிப்புத் தர வேண்டியதில்லை.

புதிய படம் உண்மையில் உறைப்பது லெலோங்கிடம். 1861இன் பிற்பகுதியில் வந்த அந்த முதியவருக்குப் பேச்சு போனது ஒரே தாக்குதலில், ஒன்றரை ஆண்டுக்கு முன்பு. கைகால் வாதம் இல்லை, சேதமும் சிறியது. கட்டம் பிரிக்கவோ வேகத்தை ஊகிக்கவோ அவசியமே இல்லாத நோயாளி. லெபோர்னிடம் ‘அநேகமாக’ என்று நின்றதை உறுதியாக்கியது இவருடைய மூளைதான். டிராங்கர்ஸ் குழுவோ இவரிடமும் மேற்பரப்பின் கீழே, மடல்களை இணைக்கும் நீண்ட மேற்கற்றையில் சேதத்தைக் கண்டது. அதேசமயம் புரோக்கா பகுதியின் பெரும்பகுதி தப்பியிருந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு அருகில் சாராயத்தில் கிடந்து சுருங்கிய திசு என்பதால் கற்றையின் எல்லையை மில்லிமீட்டர் கணக்கில் நம்ப நான் தயங்குவேன். சேதம் இருக்கிறது என்பதை நம்பத் தயங்கமாட்டேன். மடிப்பு மட்டும் தனியே கெட்ட சான்று என்று புரோக்கா கையில் வைத்திருந்தது இந்த ஒன்றுதான். அது கற்றையும் கெட்ட சான்றாக மாறிவிட்டது. அவரை மறுப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் இது. அவர்களோ லெபோர்னின் இன்சுலாவைப் பற்றியே இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.