ஏன்னு எழுதிக் குடு!

ஆவடியில எங்க தெருவுல ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இருக்கார். ரெட்டைக்குழல் துப்பாக்கி வச்சிருக்கார், லைசென்ஸோட. தேர்தல் வந்துட்டா அதை ஒப்படைச்சாகணும். போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கலாம், இல்லைன்னா லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட வைக்கலாம். ஸ்டேஷன்ல வச்சா துருப்பிடிச்சுடும்னு இவருக்கு பயம். 2024 தேர்தல் சமயத்துல மவுன்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்கு நான்தான் கார்ல கூட்டிட்டுப் போனேன்.

இங்கிலீஷ் படத்துல வர்ற மாதிரி சுவர் முழுக்க துப்பாக்கி தொங்கும்னு நெனச்சேன். போய்ப் பார்த்தா நம்ம ஊர் பழைய உரக்கடை மாதிரி இருக்கு. மர பீரோ, தடித்தடி ரெஜிஸ்டர்கள். கடைக்காரர் துப்பாக்கி நம்பரை ரெண்டு தடவை சரிபார்த்து எழுதினார். வாய் சும்மா இருக்குமா? கேட்டேன்.

"ஏன் சார், எல்லாருக்கும் லைசென்ஸ் குடுத்துட்டா உங்களுக்கு வியாபாரம் அமோகமா இருக்குமே?"

"வேணவே வேணாம் தம்பி. கேக்கறவனுக்கெல்லாம் குடுத்தா என் கடை வாசல்லயே சுட்டுப்பானுங்க. ஆனா காட்டுப்பன்னி வந்து வயலை அழிக்குதுன்னு கேக்கறவனை வருஷக்கணக்கா அலைய விடறாங்க பாரு, அது அநியாயம். இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. ஏன்னு எழுதிக் குடு."

மொதல்ல இதை வியாபார புத்தின்னுதான் எடுத்துக்கிட்டேன். கட்டுப்பாடு இருந்தாத்தான் கள்ளத்துப்பாக்கிக்காரன் போட்டிக்கு வரமாட்டான். தேர்தலுக்குத் தேர்தல் பாதுகாப்புக் கட்டணம் வேற. 2019 டிசம்பர்ல சட்டத்தைத் திருத்தி ஒருத்தர் வச்சுக்கிற உச்சவரம்பை மூணுல இருந்து ரெண்டா குறைச்சாங்க. மூணாவதை ஒரு வருஷத்துக்குள்ள ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோதான் ஒப்படைக்கணும். அமெரிக்கால கூட 2011-ல டீலர்கள்கிட்ட ஒரு சர்வே எடுத்தாங்க. பதில் சொன்ன சுமார் 1,600 பேர்ல பாதிக்கு மேல, யார் யாருக்கு வித்தாலும் வாங்கறவரோட பின்னணியை சோதிக்கணும்னுதான் சொன்னாங்க.

ஆனா அந்த "ஏன்னு எழுதிக் குடு" மட்டும் மண்டையில உட்கார்ந்துக்கிச்சு. தேடிப் பார்த்தா, அதே கோரிக்கை அந்தக் கடைக்குப் பக்கத்துலயே 1887-ல எழுந்திருக்கு!

கதை 1878-ல ஆரம்பிக்குது. லிட்டன் பிரபு வைஸ்ராயா இருந்தப்ப ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வாங்கணும். வெள்ளைக்காரனுக்கு விலக்கு. 1857-ஓட பயம் இன்னும் தெளியல. 1887 டிசம்பர்ல காங்கிரஸோட மூணாவது மாநாடு சென்னையில, ஆயிரம் விளக்குப் பகுதியில இருந்த மக்கீஸ் கார்டன்ல நடந்தது. தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. இளைஞரா இருந்த பிபின் சந்திர பால் சட்டத்தை ஒழிச்சே ஆகணும்னு பேசினார். ஆனா நிறைவேறின தீர்மானம் வேற மாதிரி. எல்லாரும் ஆயுதம் வச்சுக்கலாம். அரசாங்கம் ஒரு ஆளையோ ஒரு கூட்டத்தையோ தடுக்கணும்னா தடுக்கலாம், ஆனா காரணத்தை எழுத்துல பதிவு பண்ணி வெளியிடணும்.

நம்ம பாஷையில சொன்னா, டீஃபால்ட் 'யெஸ்', 'நோ' சொன்னா எர்ரர் மெசேஜ் கட்டாயம் :-)

அதுக்கப்புறமும் இந்த 'உரிமை வேணும், ஆனா கடிவாளத்தோட' நிலைப்பாட்டை காங்கிரஸ் விடல. 1930-ல காந்தி வைஸ்ராய் முன்னாடி வச்ச 11 கோரிக்கைகள்ல ஒண்ணு, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ், மக்களோட கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு. அதுவும் அகிம்சைக்காரர்! 1931 கராச்சி தீர்மானத்துலயும் ஆயுதம் வைக்கிற உரிமை இருக்கு, விதிமுறைகளுக்கு உட்பட்டுன்னு வாலோட. ஆனா 1948 டிசம்பர்ல அரசியல் நிர்ணய சபையில எச்.வி. காமத் இதை அடிப்படை உரிமையா சேர்க்கணும்னு திருத்தம் கொண்டுவந்தப்ப அம்பேத்கர் மறுத்துட்டார். திருடனுக்கும் இந்த உரிமை வேணுமாங்கறது அவர் கேள்வி. திருத்தம் தோத்துப்போச்சு. காமத் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இதுல அம்பேத்கர் கட்சிதான் நான்.

ஆக 1959-ல வந்த ஆயுதச் சட்டத்துல துப்பாக்கி உரிமை இல்லை, அனுமதிதான். 1887-ல கேட்டதுக்கு டீஃபால்ட்டே தலைகீழ். ஆனா அந்தத் தீர்மானத்தோட ஒரு துண்டு மட்டும் 14-வது பிரிவுல பிழைச்சுக்கிச்சு. லைசென்ஸ் மறுத்தா அதிகாரி காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும். விண்ணப்பிச்சவர் கேட்டா சுருக்கமா குடுக்கணும். (பொதுநலன் கருதி குடுக்காமலும் இருக்கலாம்னு ஒரு ஓட்டை உண்டு.) கடைக்காரர் புலம்பறது இங்கதான். மறுத்தாத்தானே காரணம் எழுதணும்? மறுக்காம, குடுக்காம, ஃபைலை அப்படியே வச்சுட்டா?

தேர்தல் முடிஞ்சு ஜூன்ல துப்பாக்கியைத் திருப்பி வாங்கப் போனோம். திருவள்ளூர் பக்கத்துல இருந்து ஒருத்தர் பிளாஸ்டிக் ஃபைலோட உட்கார்ந்திருந்தார். லைசென்ஸே வரல, ஆனா துப்பாக்கி விலை விசாரிக்க வந்துட்டார். "ஏன்ணே, வராததுக்குக் காரணம் எழுதிக் குடுத்தாங்களா?"ன்னு கேட்டேன்.

"ரிப்போர்ட் வரலைன்னு வாயால சொன்னாங்க தம்பி"ன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்துட்டு ரெஜிஸ்டரைப் புரட்ட ஆரம்பிச்சார்.