சிறார் சங்கப் போட்டிகளில் தகுதிச் சரிபார்ப்பு: கையெழுத்து யாருடையது?

சிறார் விளையாட்டுச் சங்கங்களில் வயது அல்லது வசிப்பிட மோசடி அம்பலமாகும்போதெல்லாம், விதியைக் கடுமையாக்க வேண்டும் என்ற குரலே முதலில் எழுகிறது. பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1939இல் தொடங்கிய லிட்டில் லீக் பேஸ்பால் அமைப்பின் அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே விதிகள் தெளிவானவை, தண்டனையும் லேசானதன்று. 1992இல் அமெரிக்காவின் லாங் பீச் அணியை 15-4 என வென்ற பிலிப்பைன்ஸின் சம்போவாங்கா அணியிடமிருந்து, தகுதியற்ற சிறுவர்களை ஆடவைத்ததற்காக உலகப் பட்டம் பறிக்கப்பட்டது. 2001இல் ஓர் எதிரணி மட்டையாளரைக்கூடத் தளமேற விடாமல் ஓர் ஆட்டத்தை முடித்த நியூயார்க் பிராங்க்ஸ் அணியின் பந்துவீச்சாளருக்கு வயது 12 அல்ல, 14 என டொமினிக்கன் குடியரசின் பிறப்புப் பதிவு காட்டிற்று. அணி மூன்றாமிடத்தை இழந்தது. (அச்சிறுவனின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன், அதுதான் இன்றும் அந்த மோசடியின் பெயராகப் புழங்குகிறது.) 2014இல் அமெரிக்கப் பட்டம் வென்ற சிகாகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் சங்கம், எல்லை வரைபடத்தைத் திருத்தி அயல் பகுதிச் சிறுவர்களைச் சேர்த்தது தெரியவந்து, 2015 பிப்ரவரியில் அப்பட்டத்தை இழந்தது.

இம்மூன்றிலும் உண்மை வெளியானது எப்படி? முதலாவதைப் பிலிப்பைன்ஸ் பத்திரிகையாளர்களும், இரண்டாவதை ஓர் அமெரிக்க விளையாட்டு வார இதழும் தோண்டி எடுத்தன. மூன்றாவது, அண்டைச் சங்கத்தின் புகாரால் தொடங்கியது. அமைப்பின் சொந்தச் சரிபார்ப்பில் எதுவும் பிடிபடவில்லை. காரணம் அசட்டை மட்டுமன்று. போட்டிக்கு முன் அணியின் பிறப்பு, வசிப்பிட ஆவணங்களைப் பார்த்துச் சான்றளிப்பவர் மாவட்ட நிர்வாகி. அவர் ஊதியமில்லாத தன்னார்வலர். அவரைத் தேர்ந்தெடுப்பவையோ அவர் சரிபார்க்க வேண்டிய அதே சங்கங்கள். தம் மாவட்ட அணி வில்லியம்ஸ்போர்ட் போவதில் அவருக்கும் பெருமை உண்டு. சிகாகோ விவகாரத்தில் மாவட்ட நிர்வாகியே பதவி நீக்கப்பட்டதை இந்த அமைப்புமுறையின் விளைவாகவே கொள்ள வேண்டும்; தனிமனிதப் பிறழ்ச்சி என்று கடந்துபோவது எளிது, போதாது. ஆகவே சான்றளிக்கும் பொறுப்பு அந்த வெற்றியில் பங்கில்லாத வேறு மாவட்டத்தாரிடம், பருவம் தொடங்கும் முன்பே, சேர வேண்டும்.

பட்டப் பறிப்பே போதிய அச்சுறுத்தல் என்பார்கள். தோற்ற அணிக்கு நீதி செய்யப் பட்டத்தைப் பறிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1992இன் பறிப்பு 2001ஐத் தடுக்கவில்லை, 2001இன் பறிப்பு 2014ஐத் தடுக்கவில்லை. பிராங்க்ஸ் சிறுவனின் தந்தையும் சங்க நிறுவனரும் வாழ்நாள் தடை பெற்றது உண்மை. ஆனால் அத்தடை வந்தபோது ஆட்டங்கள் முடிந்து புகழும் வந்துவிட்டிருந்தது. தன்னார்வலர்களால் நடக்கும் சங்கத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்ற கேள்வி இதைவிட வலுவானது. எனினும் வேறு மாவட்டத்தாரிடம் ஆவணக் கோப்புகளை மாற்றிக் கொடுப்பது புதிய வேலை அன்று. இருக்கும் வேலையின் இடமாற்றமே.

ஆவணமே நம்பத்தகாததாக இருக்கும் நாடுகளில் இது பயன்படுமா என்பது கடினமான ஆட்சேபம். பிறப்புப் பதிவு தாமதமாகும் சமூகங்களில் ஒற்றைச் சான்றிதழை இறுதியாகக் கொள்வது ஏழைக் குழந்தையை வெளியே தள்ளும். எலும்பு முதிர்ச்சிச் சோதனையும் முழு விடையாகாது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் ஃபிஃபா மணிக்கட்டை எம்ஆர்ஐ மூலம் ஆராய்கிறது. ஆனால் எலும்பு காட்டுவது வளர்ச்சியை, பிறந்த நாளை அன்று. ஊட்டக் குறைவால் வளர்ச்சி பிந்திய வயது மிகுந்தவன் தப்பவும், விரைந்து வளர்ந்த சிறுவன் சிக்கவும் கூடும். எனவே சோதனையானது பள்ளிச் சேர்க்கைப் பதிவு, மருத்துவமனைப் பதிவு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடத் தூண்ட வேண்டுமே தவிர, தீர்ப்பாகிவிடக் கூடாது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2020இல் வேறொரு வழியையும் சேர்த்தது: பொய்யான பிறந்த தேதி தந்ததைத் தாமாக ஒப்புக்கொள்ளும் வீரருக்குத் தடையில்லை, மறைத்துப் பிடிபட்டால் இரண்டாண்டுத் தடை. முன்கூட்டியே உண்மை வெளிவர வழி திறப்பதால் இது வரவேற்கத்தக்கது. ஆயினும் ஒப்புதலும் தடையும் வீரரையே குறிவைக்கின்றன. பத்து வயதில் அவருக்காகச் சான்றிதழ் வாங்கி வந்த பெரியவர் யார் என்று அத்திட்டம் கேட்கவில்லை.