டம்மி நம்பரின் மானம்

1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் திருவனந்தபுரத்தில் இருந்தது. 1937-இல் தொடங்கிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம். என் அப்பாவின் பட்டம் அங்கே வாங்கியது. எனக்கு 1966-இல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம், என் மகளுக்கு 1990-இல் வந்த மனோன்மணியம் சுந்தரனார். பல்கலைக்கழகம் மாறினாலும் தேர்வின் ரகசியம் காக்கும் முறை பெரிதாக மாறவில்லை.

வினாத்தாள் முத்திரையிட்ட கட்டாக வரும். பிரிப்பதற்கு முன்னால் மாணவர்களிடம் காட்டி, அவர்களிலேயே இருவரிடம் கையெழுத்து வாங்குவோம். திருத்தப் போகும் விடைத்தாளில் பதிவெண் இருக்காது. பதிவெண் உள்ள துண்டைக் கிழித்து எடுத்துவிட்டு, டம்மி நம்பர் போட்டுத்தான் கட்டு எங்கள் மேசைக்கு வரும். எந்தக் கல்லூரி, யார் வீட்டுப் பிள்ளை, அப்பா என்ன வேலை, எந்தத் தெரு, எதுவும் தெரியாது. பெயரைச் சொன்னதும் சாதியைக் கணக்குப் போடுகிற எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயமா? முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு எழுத்தை மட்டும் பார்த்து எழுபது போட்ட நாட்களை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

திருத்துபவருக்கும் அதே காப்பு உண்டு. தன் விடைத்தாளைக் கேட்டுப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருத்தியவரின் பெயரை வெளியிடத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பில் சொன்னது.

ஆனால் விடைத்தாள் திருத்தும் கேம்ப்பில் இத்தனை கவனமாக மறைத்ததைக் கல்லூரி அறிவிப்புப் பலகை ஒரே நாளில் அவிழ்த்துவிடும். கல்வி உதவித்தொகைப் பட்டியலில் பெயர், சாதி, தகப்பனார் வருமானம் மூன்றையும் தட்டச்சு செய்து ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன். பலகைக்கு முன்னால் நின்ற ஒரு பெண் தன் பெயர் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். அப்படிப் பட்டியல் ஒட்டியதில் தவறு இருப்பதாக அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வினாத்தாள் கசிந்தால் பல்கலைக்கழகத்துக்கு அவமானம். பிள்ளையின் வறுமை கசிந்தால் யாருக்கு?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. 2023-இல் தனிநபர் தரவுச் சட்டமும் வந்தது. இன்றைக்குப் பலகை போய் வாட்ஸ்அப் குழு வந்திருக்கிறது. அதே பட்டியல் ஆதார் எண்ணோடு எக்செல் கோப்பாகச் சுற்றுகிறது. அதிலும் பதிவெண்ணை மட்டும் போடுங்கள். மற்றதை அந்தப் பிள்ளையிடம் நேரில் சொல்லுங்கள்.