புஷ் கொடுத்த பிறகு: ஒரு வெப்ஹுக்கின் பயணம்

மெயின் பிராஞ்சுக்கு ஒருவர் ‘கிட் புஷ்’ கொடுத்ததுமே கிட்ஹப்பில் ஒரு போஸ்ட் கோரிக்கை பிறக்கிறது. எந்த ரெப்போ, எந்த பிராஞ்ச், என்னென்ன கமிட் என்பதெல்லாம் ஜேசானாக அதற்குள் இருக்கும். ஹெடரில் நிகழ்வின் பெயரும் ஒரு கையொப்பமும் வரும். இந்த வகைக் கோரிக்கைக்கு 2007-இல் ஜெஃப் லிண்ட்சே இட்ட பெயர் வெப்ஹுக்.

அது நம் சர்வரின் 443-ஆம் போர்ட்டை வந்தடைகிறது. என்ஜின்எக்ஸ் அதை வாங்கி, உள்ளே 9000-ஆம் போர்ட்டில் ஓடும் ‘வெப்ஹுக்’ என்ற திறமூல நிரலிடம் ஒப்படைக்கிறது. எந்த முகவரிக்கு வந்தால் எந்தக் கமாண்டை ஓட்டுவது என்று ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்போம். நிபந்தனை எதுவும் எழுதாமல் விட்டால், யார் தட்டினாலும் கமாண்ட் ஓடிவிடும்.

ஆகவே கையொப்பத்தைச் சரிபார்த்தே தீர வேண்டும். கிட்ஹப்புக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லையும் வந்த உடலையும் சேர்த்து ஹெச்மேக் கணக்கிட்டால், ஷா-256-இல் 64 எழுத்து விடை கிடைக்கும். ஹெடரில் வந்ததும் அதுவே என்றால்தான் கதவு திறக்கலாம். வந்த பைட்டுகளை வந்தபடியே கணக்கிட வேண்டும். ஜேசானைப் பிரித்து மறுபடி கோத்தால் ஓர் இடைவெளி மாறினாலும் விடை பொருந்தாது. பலர் மணிக்கணக்கில் திணறுவது இங்கேதான்.

கையொப்பம் சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கமிட் செய்தியையோ பிராஞ்ச் பெயரையோ ஷெல் கமாண்டில் ஒட்டினால், அதிலுள்ள ஓர் அரைப்புள்ளி புதிய கமாண்டாகிவிடும். 2014-இல் வெளிவந்த ஷெல்ஷாக் ஓட்டையில், சிஜிஐ வழியாக வந்த ஹெடரையே பாஷ் கமாண்டாக ஓட்டியது. கோரிக்கை ‘எழுந்திரு’ என்று மட்டும் சொல்லட்டும். எழுந்து என்ன செய்வது என்பது சர்வரில் உள்ள ஸ்கிரிப்டில்தான் இருக்க வேண்டும். இதில் சலுகையே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கிட்ஹப் பதிலுக்கு 10 வினாடிதான் காத்திருக்கும். பில்டுக்குச் சில நிமிடங்கள் ஆகலாம். எனவே பெற்றுக்கொண்டதாக உடனே பதில் சொல்லிவிட்டு, வேலையைப் பின்னணியில் ஓட்டுவார்கள். அடுத்தடுத்து இரண்டு புஷ் வந்தால் இரு ஸ்கிரிப்ட்டும் ஒரே கோப்புறையில் மோதாதிருக்க ‘எஃப்லாக்’ போட்டு வைப்பது நல்லது.

அந்த நேரத்தில் சர்வர் படுத்திருந்தால் கிட்ஹப் தானாக மறுபடி அனுப்பாது. தோற்ற கோரிக்கை ரெப்போவின் செட்டிங்ஸில் பட்டியலில் நிற்கும். யாராவது போய் ‘ரீடெலிவர்’ அழுத்தினால் மீண்டும் கிளம்பும்.